பாக்கியரத்தினத்தின் பேரில் பதினாலு சைக்கிள்

அன்புவழிபுரத்தில் எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்த பாக்கியரத்தினம் தபாற்கந்தோரில் முத்திரை குத்துகிறவர். இருபத்தாறு வருடமாக அதே மேசை, அதே கதிரை. அவர் குத்துகிற வேகத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. பாதி ஊர் சொன்னது, மீதி நான் சேர்த்தது. ஒருநாள் மேசையில் இருந்த இலையான் ஒன்றின் முதுகில் முத்திரை விழுந்துவிட்டது. அது 'திருகோணமலை, காலை எட்டரை' என்ற மையோடு பறந்துபோய் மூன்றாம் நாள் மட்டக்களப்புக் கந்தோரில் இறங்கியது. முத்திரை தெளிவாக இருந்தபடியால் அங்கிருந்தவர்கள் அதை விலாசக்காரரிடம் சேர்க்கப் பார்த்தார்களாம். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். இனிச் சொல்லப்போவதில் நான் எதையும் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டிய தேவை வரவில்லை, அதுதான் பயம்.

பாக்கியரத்தினத்திடம் மற்றவர்களிடம் இல்லாத ஒரு பொருள் இருந்தது. அழுக்கில்லாத அடையாள அட்டை. பிறந்த ஊர், இருக்கிற ஊர், வேலை செய்கிற ஊர் மூன்றும் ஒன்று. தொழில், அரசாங்க உத்தியோகம். தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு அப்படியோர் அட்டை வைத்திருந்தவர்களை எங்கள் ஒழுங்கையில் ஒரு கை விரலில் எண்ணலாம். மிச்சப் பேர் ஈச்சிலம்பற்றிலிருந்தும் இறக்கக்கண்டியிலிருந்தும் அகதியாக வந்து ஓலைக் கொட்டில் போட்டவர்கள். சிலருடைய அட்டையில் வேறு ஊர் இருந்தது. சிலருடையது வீட்டோடு எரிந்துபோயிருந்தது. சிலருடைய வீட்டிலிருந்து ஒரு பிள்ளை இயக்கத்தோடு காட்டுக்குப் போயிருந்தது, அதைப்பற்றி வாய் திறப்பதில்லை.

அந்த வருடக் கடைசியில் கட்டளை வந்தது. சைக்கிள், தண்ணீர்ப் பம்பு, வள்ளம், எஞ்சின் எல்லாவற்றையும் பதிய வேண்டும். சொந்தக்காரரின் பெயர், அட்டை இலக்கம், விலாசம். ஒரு பிரதி நகரசபைக்கு, ஒரு பிரதி இராணுவ முகாமுக்கு. பதியாத சைக்கிள் பிடிபட்டால் சைக்கிளும் போகும், ஓடினவனும் போவான்.

முதலில் வந்தது பாக்கியரத்தினத்தின் மனைவி இராசமலருக்கு ஒன்றுவிட்ட தங்கை.

"அத்தான், உங்கடை பேரிலை பதிஞ்சு தாங்கோ. சைக்கிள் எங்கடை வீட்டிலைதான் நிக்கும். பேர் மட்டும் உங்கடை."

"பேர் தேய்ஞ்சு போகாதே?" என்று சிரித்துக்கொண்டு கையெழுத்து வைத்தார்.

அந்தக் காலத்தில் பெயர் கொடுப்பதென்பது திருவலை இரவல் கொடுப்பது மாதிரித்தான் எங்களுக்கு இருந்தது. தேங்காய் திருவி முடிந்ததும் கழுவித் திருப்பிக் கொடுத்துவிடலாம். யாருக்கும் நட்டமில்லை. தையிலே பார்த்தால் அவருடைய பேரில் பதினாலு சைக்கிள், மூன்று பம்பு, நகரசபைப் பட்டி கட்டிய ஒரு நாய். கந்தோருக்கு அவர் நடந்துதான் போவார்.

"இனி என்னையும் கொண்டுபோய்ப் பதிஞ்சுபோட்டு வாங்கோ. இந்த ஒழுங்கையிலை உங்கடை பேரிலை இல்லாத ஒரே சாமான் நான்தான்" என்பாள் இராசமலர்.

"உனக்கு ஆர் பாஸ் தருவான்? உன்ரை வாயைப் பார்த்தால் வெடிபொருள் எண்டு எழுதிப்போடுவான்."

அந்தப் பதினாலில் எங்கள் வீட்டுச் சைக்கிளும் ஒன்று. என் வீட்டுக்காரரின் அட்டையும் எரிந்ததுதான்.

பிறகு சின்னராசா வந்தான். இறக்கக்கண்டி ஆள், இரண்டு பிள்ளைகள், எட்டுக் குதிரை எஞ்சின் பூட்டிய பைபர் வள்ளம் ஒன்றைக் காப்பாற்றிக்கொண்டு வந்திருந்தான். அவனுடைய தம்பி இயக்கத்துக்குப் போய் இரண்டு வருடம். வள்ளத்துச் சொந்தக்காரரின் குடும்பத்தைத்தான் கடற்படை துருவிப் பார்க்கும், கூலிக்குப் போகிறவனுக்குச் சொந்தக்காரரின் கடிதம் ஒன்று போதும். ஆகவே வள்ளம் பாக்கியரத்தினத்துடையதாயிற்று. சின்னராசா தன் வள்ளத்தில் தானே கூலியாளானான். கடிதத்தைப் பாக்கியரத்தினம் தன் வடிவான கையெழுத்தில் எழுதினார். 'இவர் என்னுடைய வேலையாள். இவர் செய்கிற எல்லாவற்றுக்கும் நான் பொறுப்பு.'

அப்படி எழுதத் தேவையில்லை. முதல் வசனம் மட்டும் போதும். ஆனால் அவர் கடிதங்களுக்கு நடுவிலே வாழ்ந்தவர். ஒரு கடிதத்தை ஒற்றை வரியில் முடிப்பது மரியாதைக் குறைவென்று நினைத்தார்.

திருக்கடலூர்க் கரையில் பின்னேரம் நாலு மணிக்கு முன் எல்லா வள்ளமும் மணலில் ஏறிவிட வேண்டும். நாலு மணிக்குப் பிறகு கடலில் நிற்கிற வள்ளத்துக்கு என்ன நடக்கும் என்று ஒருவரும் கேட்பதில்லை. அதனால் மூன்றரைக்கே கரையில் பெண்கள் கூடிவிடுவார்கள். வள்ளம் இழுக்கக் கை கொடுத்தால் கறிக்கு மீன் கிடைக்கும். நாலு மீன், ஐந்து மீன், அள்ளிச் சேலைத் தலைப்பில் போடுவார்கள். அதைக் கூலி என்று யாரும் சொன்னதில்லை, தானம் என்றும் சொன்னதில்லை.

குணேஸ்வரி ஈச்சிலம்பற்றிலிருந்து வந்தவள். புருஷன் வரும் வழியில் காணாமற்போனான். அவனுடைய சைக்கிளும் ஒரு மகளும்தான் மிச்சம். முப்பது வயது, நல்ல பலம், வள்ளம் இழுக்கிறவர்களில் முன்னுக்கு நிற்பாள்.

தொண்ணூற்றொன்று சித்திரையில் ஒருநாள் சின்னராசாவின் வலை கல்லில் சிக்கிப் பிந்திவிட்டது. நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் வள்ளம் தெரிந்தது. கரைக்குக் கிட்ட வந்ததும் எஞ்சினை நிறுத்தித் தூக்குவதுதான் வழக்கம். அன்றைக்கு அவன் நிறுத்தவில்லை, விட்ட வேகத்திலேயே மணலில் ஏறப் பார்த்தான். பெண்களும் பொறுக்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வள்ளத்தின் மூக்கான அணியத்தைப் பிடித்தார்கள். ஓர் அலை வந்து வள்ளத்தின் பின்பக்கத்தைத் திருப்பியது. தண்ணீருக்குள் சுழன்றுகொண்டிருந்த இரும்பு விசிறி குணேஸ்வரியின் பக்கம் வந்தது.

சின்னராசாதான் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினான். வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. வள்ளம் சரியாக நாலு மணிக்கு மணலில் கிடந்தது.

ஆவணியில் ஸைனுலாப்தீன் வந்தார். கிண்ணியா ஆள், நீதிமன்றத்துக் கடதாசிகளை வீடு வீடாகச் சேர்ப்பிக்கிற உத்தியோகம். அவரும் பாக்கியரத்தினமும் ஒரே தொழில்காரர்கள் மாதிரிச் சிநேகிதம்.

"பாக்கியண்ணன், உங்களுக்கு ஒரு கடுதாசி இரிக்கி. உங்கட முத்திர இல்லாத கடுதாசி."

"ஆர் போட்டது?"

"வாங்காட்டியும் சுவருல ஒட்டிட்டுத்தான் போகணும். அதால வாங்கிருங்க."

குணேஸ்வரி வழக்காளி. பாக்கியரத்தினம் எதிராளி. எதிராளியின் வள்ளத்தை எதிராளியின் வேலையாள் கவனயீனமாக ஓட்டியதால் வழக்காளிக்குக் கால் போனது, வேலையாள் செய்ததற்கு எசமான் பொறுப்பு என்று இரண்டு பக்கத்தில் எழுதியிருந்தது. சின்னராசாவின் பெயர் ஓர் இடத்திலும் இல்லை. 'வேலையாள்' என்று மட்டும் இருந்தது.

பாக்கியரத்தினம் வழக்குப் பேசுகிற அப்புக்காத்து ஞானசேகரத்திடம் போனார். அந்தக் கதையை இராசமலர் எனக்கு அப்படியே சொன்னாள். அவளும் கூடப் போயிருந்தாள்.

"வள்ளம் உங்கடையோ?"

"இல்லை ஐயா."

"பேர் உங்கடையோ?"

"ஓம்."

"அப்ப வள்ளம் உங்கடை."

"நான் கோட்டிலை உள்ளதைச் சொன்னால்?"

ஞானசேகரம் எழுந்து போய் யன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

"சொல்லலாம். கால் வழக்கிலை நீங்கள் வெண்டுபோவியள். படியாலை இறங்க முதல் மற்ற வழக்குத் தொடங்கும். நேவிக்குப் பொய்ப் பேர் குடுத்தது. ஆருக்காகக் குடுத்தது? இயக்கக்காரன்ரை தமையனுக்காக. அவனும் போவான், நீங்களும் போவியள். அதுக்கு என்னட்டை வராதேங்கோ. எனக்கும் பிள்ளையள் இருக்கு."

"என்ரை வள்ளம்தான் எண்டு சொன்னால்?"

"தீர்ப்பு உங்களுக்கு மேலை. குடுக்க இல்லாட்டி உள்ளதைப் பறிச்சு ஏலம் போடுவினம். வீடு ஆற்றை பேரிலை?"

"இவவின்ரை சீதனம். இவவின்ரை பேரிலைதான்."

"நல்லது, வீடு தப்பும். அப்ப உங்கடை பேரிலை என்னதான் இருக்கு?"

பாக்கியரத்தினத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு கனநேரம் குலுங்கினாராம்.

"எல்லாம் இருக்கு ஐயா" என்றார்.

வந்த வழியில் அவர் குணேஸ்வரியின் கொட்டிலுக்குப் போனார். அவள் கடகம் பின்னிக்கொண்டு வாசலில் இருந்தாள். புருஷனுடைய சைக்கிள் ஓலைச் சுவரில் சாய்ந்து நின்றது. அதுவும் பாக்கியரத்தினத்தின் பேரில் இருந்த பதினாலில் ஒன்று.

"அண்ணை, உங்களிலை எனக்குக் கோவம் இல்லை" என்று அவள்தான் முதலில் சொன்னாள்.

"அப்ப ஏன் பிள்ளை என்ரை பேரைப் போட்டனீ?"

"நான் சின்னராசாவின்ரை பேரைத்தான் சொன்னனான். அருளம்பலம் அப்புக்காத்து பதிவுப் புத்தகங்களைப் பார்த்துப்போட்டு, அந்தப் பேரிலை ஒரு சோடிச் செருப்பும் இல்லை எண்டார். கால் போனது கடலிலை அண்ணை. வழக்கு நடக்கிறது கடதாசியிலையாம்."

"வழக்கை எடுக்கேலாதோ?"

"எடுக்கலாம். பிறகு என்ரை பிள்ளைக்கு ஆர் சோறு போடுறது? அவளையும் உங்கடை பேரிலை பதிவமோ?"

அவள் கடகத்தைத் திருப்பிப் போட்டுப் பின்னத் தொடங்கினாள்.

வழக்கு நாலு தவணை நடந்தது. கடைசித் தவணைக்கு ஒழுங்கையில் பாதிப்பேர் போயிருந்தோம். பின் வரிசை வாங்கில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் எல்லாத் தவணைக்கும் வந்து இருந்தான். எந்தக் கட்சிக்காரனும் இல்லை, பத்திரிகைக்காரனும் இல்லை. சின்னக் கொப்பியில் எழுதுவான். அவன் பக்கத்து வாங்குகளில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். சனம் நிறைந்த கோட்டிலே அவனைச் சுற்றி மட்டும் எப்போதும் இடம் இருந்தது.

முதலில் மீன் சண்டை நடந்தது. குணேஸ்வரியின் பக்கம் பேசிய அருளம்பலம் கொழும்பிலிருந்து வந்துபோகிறவர். கறிக்கு மீன் கொடுத்தார்களென்றால் அது கூலி, கூலி வாங்கினவள் வேலைக்காரி, வேலைக்காரியைப் பாதுகாக்க வேண்டியது எசமான் என்றார். ஞானசேகரம் எழும்பி, மீன் கொடுத்தது இரக்கத்தில், கேட்காமல் தண்ணீரில் இறங்கினவளுக்கு யாரும் பொறுப்பில்லை என்றார்.

நீதிபதி குணேஸ்வரியைப் பார்த்து, "அன்று உமக்கு எவ்வளவு மீன் தந்தார்கள்?" என்று கேட்டார்.

"அண்டைக்கு மீனும் தரேல்லை ஐயா" என்றாள் குணேஸ்வரி.

நீதிமன்றம் முழுக்கச் சிரித்தது. நீதிபதியும் குனிந்து எதையோ எழுதுவதுபோல் இருந்தார். வெள்ளைச் சட்டைக்காரன் சிரிக்கவில்லை.

பிறகு பாக்கியரத்தினத்தைக் கூட்டில் ஏற்றினார்கள். அருளம்பலம் கடற்படையிடமிருந்து எடுப்பித்த ஒரு கடிதத்தை நீட்டினார்.

"இது யாருடைய கையெழுத்து?"

"என்னுடையது."

"இவர் செய்கிற எல்லாவற்றுக்கும் நான் பொறுப்பு என்று எழுதியிருக்கிறீர். சரியா?"

"ஓம்."

"வள்ளம் உம்முடையதா?"

பாக்கியரத்தினம் எங்களைப் பார்த்தார். ஒவ்வொருவராகப் பார்த்தார். தன் பேரில் சைக்கிள் வைத்திருந்தவர்களை எண்ணினார் என்றுதான் எனக்குப் பட்டது. வெளியிலே ஹெலிக்கொப்டர் ஒன்று துறைமுகப் பக்கம் போய் முடிந்தது.

"என்னுடையது" என்றார்.

தீர்ப்பு குணேஸ்வரிக்குச் சாதகமாக வந்தது.

மூன்றாம் நாள் சின்னராசா வழமைபோல ஐந்தரைக்குப் பாஸைக் காட்டிவிட்டுக் கடலுக்குப் போனான். நாலு மணிக்கு வள்ளம் வரவில்லை. அவனுடைய கொட்டிலைப் போய்ப் பார்த்தால் பெண்சாதியும் இல்லை, பிள்ளைகளும் இல்லை, அம்மியும் இல்லை. அம்மியைக்கூட ஏற்றிக்கொண்டு இந்தியாவுக்குப் போனான் என்றால் திரும்பி வரப்போவதில்லை என்றுதானே அர்த்தம். வலைக்குக் கீழே பிள்ளைகளைப் படுக்கவைத்துக் கொண்டுபோனானாம். போகமுன் ஒருநாள் தபாற்கந்தோருக்கு வந்து, யன்னலுக்கு உள்ளே கையை விட்டுப் பாக்கியரத்தினத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றானாம். பின்னால் வரிசை நீண்டதும் போய்விட்டானாம்.

அன்று பின்னேரமே கடற்படை வந்து கேட்டது. உன்னுடைய வள்ளம் எங்கே?

"தெரியாது ஐயா. மோசம் போயிருக்கும். கடல் இண்டைக்குக் குழப்பம்."

கடல் அன்றைக்குத் தட்டில் ஊற்றின பால் மாதிரிக் கிடந்தது. அவர்கள் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். மறுத்துப் பேசியிருந்தாலாவது நாங்கள் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருப்போம்.

வள்ளம் இருந்திருந்தால் அதை விற்றுக் குணேஸ்வரிக்குக் கொடுத்திருப்பார்கள். இல்லாதபடியால் அருளம்பலம் நகரசபையில் பதிவு இடாப்பைப் புரட்டினார். தபாற்கந்தோரில் முத்திரை குத்துகிற ஒருவனுக்குப் பதினாலு சைக்கிள், மூன்று பம்பு! மனிதர் சந்தோஷப்பட்டிருப்பார். அவர் கெட்டவரில்லை. இங்கே இருந்து பழகாதவர், அவ்வளவுதான்.

மார்கழியில் ஒருநாள் காலை பத்து மணிக்கு ஸைனுலாப்தீன் உழவு இயந்திரப் பெட்டியோடு வந்தார். அகதிக் கொட்டில்கள் இருக்கிற இடமென்று பாதுகாப்புக்கு ஒரு கோப்ரலும் இரண்டு சிப்பாய்களும் கூட வந்தார்கள். அந்தப் பாதுகாப்பு இல்லாவிட்டால் எல்லாம் வேறு மாதிரி முடிந்திருக்கும்.

ஸைனுலாப்தீன் வீட்டுக்கு வீடு நின்று இலக்கத்தை வாசிப்பார். சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து கொடுப்பார்கள். ஒருவராவது 'இது என்ரை' என்று சொல்லவில்லை. சொன்னால், ஏன் வேறு ஆளின் பேரில் பதிந்தாய் என்று கோப்ரல் கேட்பான். இராசமலரின் தங்கை சைக்கிள் மணியை மட்டும் கழற்றி எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். பிறகு தானே வேண்டாம் என்றாள். எங்களுடையதை நான் உருட்டிக்கொண்டு போய்க் கொடுத்தேன். முந்தினநாள்தான் என் வீட்டுக்காரர் சங்கிலிக்கு எண்ணெய் போட்டிருந்தார். பாக்கியரத்தினம் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் தன்னுடையதென்று தலையாட்டினார். எங்கள் முகத்தை அவர் பார்க்கவில்லை. எங்களுக்காகக் கையெழுத்து வைத்த மனிதரை எங்கள் வீட்டில் களவெடுத்தவரைப் போலப் பார்த்தோம்.

கடைசியாகக் குணேஸ்வரியின் கொட்டில்.

ஸைனுலாப்தீன் குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, உங்கட காசுக்காகத்தான் உங்கட சைக்கிளயும் எடுக்கப் போறன். இப்பிடி ஒரு வழக்க நான் பொறந்து கண்டதில்ல."

குணேஸ்வரி கம்பை ஊன்றிக்கொண்டு வந்து பெட்டியைப் பார்த்தாள். அடுக்கி வைத்த பதின்மூன்று சைக்கிளையும் பார்த்தாள். ஒழுங்கையில் வாய் மூடி நின்ற எங்களையும் பார்த்தாள்.

"எனக்கு ஒண்டும் வேண்டாம். எல்லாத்தையும் இறக்குங்கோ."

"நிசமாவா?"

"எத்தினை தரம் சொல்லுறது? இறக்குங்கோ!"

ஸைனுலாப்தீன் அவசரமாக எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கினார். சைக்கிள்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. யாரோ ஒருத்தி சிரித்தாள். இராசமலர் ஓடிப்போய்க் குணேஸ்வரியின் கையைப் பிடித்தாள். அந்த நேரத்தில், அரை நிமிடம் இருக்கும், எங்கள் ஒழுங்கை கல்யாண வீடு மாதிரி இருந்தது.

கோப்ரல் மட்டும் ஸைனுலாப்தீனிடமிருந்து வாங்கின பட்டியலைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தட்டிக்கொண்டு வந்தான். பிறகு பாக்கியரத்தினத்திடம் கொச்சைத் தமிழில் கேட்டான்.

"ஐயா ஒரு ஆள்தானே?"

"ஓம்."

"சைக்கிள் பதினாலு?"

"ஓம்."

"யாரு ஓட்டுறது?"

பாக்கியரத்தினம் இறக்கி வைத்த சைக்கிள்களைப் பார்த்தார்.

"வள்ளம் ஒண்டும் இருந்தது. அது எங்க?"

பட்டியலை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் பூட்டினான். "வாங்க" என்றான். அதட்டவில்லை. பாக்கியரத்தினம் இராசமலரைப் பார்த்து, கந்தோரில் லீவு சொல்லிவிடு என்றார். வெறும் பெட்டியில் ஏறி உட்கார்ந்தார்.

அடுத்த நாள் இராசமலர் முகாம் வாசலில் காலை தொடக்கம் பின்னேரம்வரை நின்றாள். தமிழ் தெரிந்த ஓர் அதிகாரி வெளியே வந்து அவளுக்கு ஒரு வழி சொன்னான். பதினாலு பேரும் வந்து, தங்கள் தங்கள் சைக்கிள் என்று சொல்லிக் கையெழுத்து வைத்தால் உன் புருஷன் பொய்க்காரன் மட்டும்தான். ஒருவரும் வராவிட்டால் பதினாலு சைக்கிளையும் ஒரு வள்ளத்தையும் யாருக்காகவோ வைத்திருந்த ஆள். அப்படிப்பட்ட ஆட்களை இங்கே வைத்திருப்பதில்லை, வேறு இடத்துக்கு அனுப்புவோம்.

அவள் ஒழுங்கைக்கு வந்து ஒவ்வொரு படலையாகத் தட்டினாள்.

ஒரு வீட்டில், "அக்கா, எனக்கு அட்டையே இல்லை. நான் போனால் என்னைத்தான் முதலிலை வைச்சிருப்பாங்கள்" என்றார்கள். ஒரு வீட்டில் காய்ச்சல். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டிருந்தார்கள், நகரசபைப் பட்டி கட்டிய அதே நாயை. தங்கை அழுதாள், வரவில்லை.

எங்கள் படலைக்கும் வந்தாள்.

"உங்கடை அவர் இருக்கிறாரே?"

"வெளியிலை போட்டார் இராசமலர். வரட்டும், கேட்டுச் சொல்லுறன்."

அவர் குசினிக்குள் பலகையில் இருந்து புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கோப்பைச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். அவள் போய்விட்டாள்.

போனது ஒரே ஒருத்தி. குணேஸ்வரி கம்பை ஊன்றிக்கொண்டு ஒன்றரை மைல் நடந்து முகாமுக்குப் போனாள். ஒரு சைக்கிள் தன்னுடையது, புருஷனுடையது, அவர் பேரை மட்டும்தான் தந்தவர் என்று சொன்னாள். அதிகாரி பட்டியலில் ஒரு வரியை வெட்டினான். நீ ஏன் பொய்யாகப் பதிந்தாய் என்று மூன்று மணித்தியாலம் கேட்டார்கள். பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் வந்து கையெழுத்து வைக்கவேண்டும் என்று சொல்லி வெளியே விட்டார்கள். இரண்டு வருடம் அவள் அந்தக் கம்போடு அந்த ஒன்றரை மைலை நடந்தாள். போன காலுக்கு அவளுக்குக் கிடைத்தது அதுதான்.

பதின்மூன்று வரி மிச்சம். முகாம்காரர் வந்து சைக்கிள்களை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்று ஒரு கதை பரவியது. யார் பரப்பினார்களோ தெரியாது. ஒரு கிழமைக்குள், குணேஸ்வரியுடையதைத் தவிர, எங்கள் ஒழுங்கையில் ஒரு சைக்கிளும் இல்லை. விற்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. பட்டப்பகலில் பெண்கள் தண்ணீர் அள்ளப் போவதுபோல் போனார்கள், கிணற்றடியில் பெரிய சத்தம் கேட்டது, திரும்பி வந்தார்கள். அந்த மாரியில் எங்கள் பக்கத்துத் தேத்தண்ணி முழுக்க இரும்பு மணத்தது. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. எல்லாரும் குடித்தோம்.

பாக்கியரத்தினத்தை வேறு இடத்துக்கு அனுப்பினார்கள். எங்கே என்று நாலு மாதம் தெரியாது. இராசமலர் வீட்டைப் பூட்டிவிட்டு நகரத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் போய் இருந்தாள், கடிதம் வந்தால் கந்தோரிலேயே எடுக்கலாமென்று. பதினாறு மாதம் கழித்து அவரை விட்டார்கள். ஏன் பிடித்தோம் என்றும் சொல்லவில்லை, ஏன் விட்டோம் என்றும் சொல்லவில்லை. கந்தோரில் அவருடைய மேசையில் வேறொருவர் இருந்தார்.

அவர் வந்து மூன்றாம் நாள், பாவிக்காமல் கிடந்த தன் வீட்டுக் கிணற்றை இறைக்கத் தொடங்கினார். கை மெலிந்து போயிருந்தது. வாளி ஏறுவதும் இறங்குவதும் வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. வெயில் ஏறுகிறபோது சத்தம் நின்றது. நான் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் வற்ற வற்ற உள்ளே ஒரு சைக்கிளின் ஹாண்டில் நிமிர்ந்து தெரிந்தது.

எங்கள் கிணறு ஆழம் போதாது. இராசமலர் முகாம் வாசலில் நின்ற நாட்களில் ஒரு மத்தியானம், நானும் என் வீட்டுக்காரரும்தான் வேலியைப் பிரித்து அதை அங்கே கொண்டுபோய் இறக்கினோம்.

பாக்கியரத்தினம் கிணற்றைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இது உங்கடையோ?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தபாற்கந்தோர் யன்னலில் கேட்பது மாதிரிக் கேட்டார்.

"இல்லை" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். வாளியை அவிழ்த்து வைத்துவிட்டுக் கயிற்றைச் சுற்றத் தொடங்கினார்.